வரிப்பணத்தின் பேரில் ஒரு பொய்

பிரித்தானியாவில் வாழ்பவர் வெளிநாட்டிலிருக்கும் கணவனையோ மனைவியையோ கூப்பிட வேண்டுமென்றால் ஆண்டுக்கு 29,000 பவுண்ட் வருமானம் காட்ட வேண்டும். அந்த விதியை ஆதரித்துச் சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் முப்பது வருடங்களுக்கு மேலாக லண்டனில் வாழும் நம்மவர். வசதியில்லாதவர்கள் கலியாணம் செய்துவிட்டு ஊரார் வரிப்பணத்தில் குடும்பம் நடத்தப் பார்க்கிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. 29,000 போதாது, முந்தைய அரசு அறிவித்தபடி 38,700 ஆக்கியிருக்க வேண்டும் என்று வருத்தமும் படுகிறார். பிரிந்திருப்பவர்களுக்கு அவர் சொல்லும் வழி இரண்டு. விசிட் விசாவில் வந்து ஆறு மாதம் நின்றுவிட்டுப் போகலாம். அது சரிவராவிட்டால் இங்கிருப்பவர் ஊருக்குப் போய் அங்கேயே வாழலாம்.

இதை வெஸ்ட்மின்ஸ்டரில் ஓர் அரசியல்வாதி பேசியிருந்தால் நான் பதில் எழுதியிருக்க மாட்டேன். நம் மொழியில், இந்த விதியால் அன்றாடம் அடிபடுகிற சனங்களுக்கு நடுவில் இருந்துகொண்டு ஒருவர் எழுதியதால் எழுதுகிறேன். கட்டுரையின் முக்கியமான கூற்றுகள் அத்தனையும் தவறு. பெரும்பாலானவை விதியைப் படிக்காமல் எழுதியதால் வந்த தவறுகள். ஒன்று மட்டும் அப்படி வந்திருக்க முடியாது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் வரிப்பணம். கணவன் அல்லது மனைவி என்ற முறையில் விசா பெற்று வருபவருக்கு அரசாங்க உதவித்தொகை எதுவும் கிடையாது. யூனிவர்சல் கிரெடிட் எடுக்க முடியாது, வாடகைக்கு உதவி கேட்க முடியாது, கவுன்சில் வீட்டுக்குப் பெயர் கொடுக்க முடியாது. விசாவிலேயே அந்த நிபந்தனை இருக்கிறது. முதல் விசா 33 மாதம், அடுத்த நீட்டிப்பு 30 மாதம், நிரந்தர வதிவிடம் கிடைக்கும்வரை மொத்தம் ஐந்து வருடம் அது கூடவே வரும். வைத்தியம் இலவசம்தானே என்று கட்டுரையாளர் கேட்கிறார். இலவசமில்லை. என்.எச்.எஸ்.ஸுக்கென்று ஆண்டுக்கு 1,035 பவுண்ட், முதல் விசாவுக்கு 3,105 பவுண்ட், விண்ணப்பிக்கும்போதே மொத்தமாகக் கட்ட வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 2025 ஏப்ரலில் 1,938 பவுண்ட் ஆனது. ஆக, ஹீத்ரோவில் கால் வைப்பதற்கு முன்பே அந்த மனிதருக்காக ஐயாயிரம் பவுண்டுக்கு மேல் கட்டியாகிவிட்டது. வந்து வேலைக்குப் போனதும் மற்றவர்களைப் போல வருமான வரியும் தேசியக் காப்புறுதியும் கட்டுகிறார். அதே மருத்துவமனைக்கு இரண்டு வழியில் பணம் போகிறது.

அதாவது வருமான வரம்பு நாளைக்கே எடுபட்டாலும் வருகிறவர் வரிப்பணத்தில் கை வைக்க முடியாது. கட்டுரையாளர் காப்பாற்றக் கிளம்பிய வரிப்பணத்தை வேறொரு விதி ஏற்கெனவே பூட்டி வைத்திருக்கிறது. அந்த விதியைப் பற்றி அவருடைய கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

இந்த வரம்பு வரிப்பணத்தை மிச்சப்படுத்துவதற்குப் பதிலாகச் செலவழிக்கவே வைக்கிறது என்பதைப் பார்க்க வேண்டுமானால் ஒரு வீட்டுக்குள் போக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் கிழக்கு லண்டனில் முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் இரவு வேலை செய்கிறார். பிரித்தானியக் குடியுரிமை உள்ளவர். கணவர் கிளிநொச்சியில் வயரிங் வேலை செய்கிறார். 2025இல் அந்தப் பெண்ணுக்கு மணிக்கு 12.21 பவுண்ட் கிடைத்தது. 2025 ஏப்ரலில் நாடு முழுவதும் சட்டப்படி நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் அதுதான். வாரத்துக்கு 40 மணித்தியாலம், வருடத்தில் ஒரு வாரமும் விடாமல் செய்தால் 25,397 பவுண்ட் வரும். வரம்புக்கு 3,600 குறைவு. அரசாங்கமே இதுதான் ஒரு மனிதர் வாழத் தேவையான கூலி என்று நிர்ணயித்த கூலியில், முழுநேரம் உழைத்தாலும், அவர் தன் கணவனோடு வாழத் தகுதியில்லாதவர். எட்டிப் பிடிக்க வேண்டுமானால் வாரத்துக்கு ஏறக்குறைய 46 மணித்தியாலம், வருடம் முழுக்க.

பிள்ளை பிறக்கும்வரை அவர் அதையும் செய்து பார்த்தார். கூடுதல் ஷிப்டுகளை ஏஜென்சி மூலம் எடுத்தார். ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளையும் பாங்க் ஸ்டேட்மென்டுகளையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, சீட்டில் உள்ள தொகையும் கணக்கில் விழுந்த தொகையும் ஒன்றா என்று பென்சிலால் டிக் போட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மாதம் இடித்தது. ஏஜென்சிக் காசு அவருடைய பழைய கணக்கொன்றில் விழுந்திருந்தது, அந்தக் கணக்கின் ஸ்டேட்மென்ட் கையில் இல்லை. அதை எடுத்துக்கொண்டு வருவதற்குள் அடுத்த மாதம் வந்துவிட்டது. அடுத்த மாதம் கர்ப்பத்தில் வாந்தி, ஷிப்டுகள் குறைந்துவிட்டன. சராசரி கீழே போனது. மறுபடி முதலாவது மாதத்திலிருந்து எண்ணத் தொடங்கினார்.

பிள்ளை பிறந்த பிறகு 46 மணித்தியாலம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இரவில் பிள்ளையோடு இருக்க ஆளில்லாததால் வேலையைப் பாதியாகக் குறைத்தார். வருமானம் குறைந்ததும் யூனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பித்தார். அவர் குடியுரிமை உள்ளவர், அது அவருடைய உரிமை, அரசு கொடுக்கிறது. கணவர் இங்கே இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? இரவில் அவர் பிள்ளையோடு இருப்பார். இவர் முழுநேர வேலைக்குப் போவார். பகலில் அவர் வேலைக்குப் போவார். வயரிங் தெரிந்த ஆளுக்கு லண்டனில் வேலைக்குக் குறைவில்லை. இரண்டு சம்பளம் வரும், உதவித்தொகை நின்றுபோகும், இரண்டு பேரும் வரி கட்டுவார்கள். கணவனைத் தடுத்து, அதனால் மனைவியின் உழைப்பையும் குறைத்து, குறைந்ததற்கு அரசே ஈடுகட்டுகிறது. கட்டுரையாளர் வரிப்பணத்தைப் பற்றி உண்மையாகவே கவலைப்படுபவரானால் இந்த விதியைத்தான் முதலில் எதிர்த்திருக்க வேண்டும்.

வரப்போகிற கணவருடைய உழைப்புக்குக் கணக்கில் இடமே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதல் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது இங்கிருப்பவரின் சம்பளம் மட்டும்தான் எண்ணப்படும். வெளிநாட்டில் இருக்கும் துணை எவ்வளவு சம்பாதித்தாலும் அந்தச் சம்பளம் பூச்சியம். சென்னையில் நல்ல சம்பளத்தில் இருக்கும் ஒரு மென்பொருள் பொறியாளர் மான்செஸ்டரில் வேலைக்கான கடிதத்தையே கையில் வைத்திருந்தாலும் அதுவும் பூச்சியம். ஒரு குடும்பம் தன் காலில் நிற்குமா என்று பார்ப்பதுதான் நோக்கமென்றால் இரண்டு பேரின் உழைப்பையும் அல்லவா எண்ண வேண்டும்? சம்பளம் இல்லாவிட்டால் சேமிப்பைக் காட்டலாம் என்று கட்டுரை சொல்கிறது. எவ்வளவு என்று சொல்லவில்லை. வேறு வருமானமே இல்லாதவர் 88,500 பவுண்ட் ரொக்கமாக வைத்திருக்க வேண்டும், ஆறு மாதம் அது தன் கட்டுப்பாட்டில் இருந்ததாகக் காட்ட வேண்டும். கடன் அடைத்து முடித்த வீடு இருந்தால்? விற்றுக் காசாக்கினால்தான் அது சேமிப்பு.

இனி அந்த எண்கள். 38,700 என்ற எண்ணை ஏதோ ஆராய்ந்து கண்டுபிடித்த நியாயமான தொகையைப் போலக் கட்டுரையாளர் எழுதுகிறார். இந்த எண்களின் கதையை அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

2012 ஜூலை 9 வரை இந்த நாட்டில் இப்படியொரு நிலையான எண்ணே இருக்கவில்லை. வரியும் வீட்டுச் செலவும் போக மிஞ்சுகிற பணம், அதே அளவு குடும்பத்துக்கு அரசு கொடுக்கும் வருமான உதவியைவிடக் குறையாமல் இருந்தால் போதும் என்பதுதான் அளவுகோல். ஒரு தம்பதிக்கு அது ஆண்டுக்கு ஏறத்தாழ 5,500 பவுண்ட். தெரேசா மே உள்துறை அமைச்சராக இருந்தபோது அது 18,600 ஆனது. ஒரு பிள்ளைக்கும் விசா வேண்டுமானால் 22,400, அதற்கு மேல் ஒவ்வொரு பிள்ளைக்கும் 2,400. அந்த 18,600ஐ நான் ஏற்கவில்லை. ஆனாலும் அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. எந்த வருமானத்துக்கு மேல் ஒரு தம்பதிக்கு வருமானம் சார்ந்த உதவித்தொகை கிடைக்காமல் போகும் என்று குடிவரவு ஆலோசனைக் குழு 2011இல் கணக்கிட்டுச் சொன்ன தொகை அது. வரிப்பணத்தைக் காப்பாற்றுகிறோம் என்று அப்போது அவர்கள் சொன்னதற்கும் எண்ணுக்கும் ஒரு தொடர்பு இருந்தது.

2023 டிசம்பர் 4ஆம் தேதி அப்போதைய உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் கிளெவர்லி 38,700 என்று அறிவித்தபோது அந்தத் தொடர்பு அறுந்தது. 38,700 என்பது வெளிநாட்டிலிருந்து திறன்மிகு தொழிலாளர்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனங்களுக்கு அப்போது நிர்ணயித்த சம்பளம். அந்த வகை வேலைகளின் இடைநிலைச் சம்பளத்தைப் பார்த்து வைத்த எண். நிறுவனங்கள் மலிவான கூலிக்கு ஆளெடுக்காமல் தடுப்பது அதன் வேலை. அதைத் தூக்கி அப்படியே கணவன் மனைவி தலையில் வைத்தார்கள். எதிர்ப்பு வந்ததும் அதே மாதக் கடைசியில் படிப்படியாக ஏற்றுவோம் என்று பின்வாங்கி, 2024 ஏப்ரல் 11இல் 29,000 ஆக்கினார்கள். அதுவும் அதே ஏணியின் கீழ்ப்படிதான், அதே வேலைகளின் சம்பள வரிசையில் கால்பங்கு இடத்தில் நிற்கும் எண். ஒரு பராமரிப்பு இல்லப் பணியாளரின் குடும்பம் எவ்வளவில் வாழ முடியும் என்ற கேள்வியை இந்த எண்ணைப் போட்டவர்கள் கேட்கவே இல்லை.

2024 ஜூலையில் வந்த தொழிற்கட்சி அரசு மேற்கொண்டு ஏற்றுவதை நிறுத்திவிட்டு அதே ஆலோசனைக் குழுவிடம் கேட்டது. 2025 ஜூனில் குழு அறிக்கை கொடுத்தது. 38,700 வேறொரு நோக்கத்துக்காக வைக்கப்பட்டது, குடும்பங்களுக்குப் பொருந்தாது, குடும்ப வாழ்க்கைக்கான உரிமையோடு மோதக்கூடியது, அதை எடுக்க வேண்டாம் என்று அது சொன்னது. ஒரு குடும்பம் தன் காலில் நிற்க 23,000 முதல் 25,000 வரை போதும் என்றது. இந்த வரம்பே வேண்டும் என்று சொல்லும் அரசு அமர்த்திய குழு அது, அகதிகளுக்காகக் கொடி பிடிக்கும் அமைப்பல்ல. கட்டுரையாளர் 38,700 வேண்டுமென்று எழுதியது அந்த அறிக்கைக்குப் பிறகு.

எல்லாருக்கும் ஒரே எண், அதனால் நீதி என்கிறார். லண்டனில் ஓர் அறைக்குக் கொடுக்கும் வாடகையில் வடகிழக்கு இங்கிலாந்தில் ஒரு வீடே எடுக்கலாம். அங்கே 24,000 சம்பாதித்து மிச்சம் பிடிக்கிறவருக்கு மனைவியைக் கூப்பிட முடியாது. லண்டனில் 29,000 சம்பாதித்து வாடகையிலேயே மூழ்குகிறவர் கூப்பிடலாம். பெண்களின் சம்பளம் ஆண்களுடையதைவிடக் குறைவு, பகுதிநேர வேலையில் இருப்பவர்களில் பெண்கள்தான் அதிகம். ஆகவே கணவனைக் கூப்பிட முடியாமல் தவிக்கும் பெண்கள் இந்த ஒரே எண்ணால் அதிகமாக அடிபடுகிறார்கள். இந்த அநீதியைக் காண ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.

விசிட் விசா பற்றிய பகுதிதான் என்னை மிகவும் கோபப்படுத்தியது. ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசாவில் ஒரு தடவைக்கு ஆறு மாதம்வரை நிற்கலாம் என்பது உண்மை. கட்டுரை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. அந்த விசாவை எடுக்க, வருகிறவர் தவணை முடிந்ததும் திரும்பிப் போவார் என்று அதிகாரி நம்ப வேண்டும். அடிக்கடி வந்து போய் இங்கேயே வாழ்வதாக ஆகிவிடக் கூடாது என்றும் விதியில் இருக்கிறது. மனைவியும் பிள்ளையும் லண்டனில் இருப்பதால்தான் அவர் வர விரும்புகிறார். மனைவியும் பிள்ளையும் லண்டனில் இருப்பதால்தான் அவர் திரும்பிப் போக மாட்டார் என்று அதிகாரி மறுக்கிறார். கிளிநொச்சியில் சொந்த வீடு, நிரந்தர வேலை, பாங்கில் பணம் இவற்றைக் காட்டு என்கிறார்கள். அவையெல்லாம் உள்ளவருக்கும் மனைவி லண்டனில் இருப்பது ஒரு குற்றமாகவே நிற்கிறது.

அதே மனிதர் கணவன் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது, மனைவியோடு பிரித்தானியாவில் நிரந்தரமாகச் சேர்ந்து வாழும் எண்ணம் உண்டென்று காட்ட வேண்டும். ஒரு படிவத்தில் போய்விடுவேன் என்று எழுத வேண்டும், மற்றதில் போக மாட்டேன் என்று எழுத வேண்டும். இரண்டும் உண்மையாக இருக்கலாம், இரண்டும் வேறு வேறு காலத்துக்கானவை. ஆனால் ஒன்றில் எழுதியதை மற்றதற்கு எதிராக எடுத்து வைக்கும் அதிகாரிக்கு முன்னால் இதை விளக்க வாய்ப்பே கிடைப்பதில்லை. குடும்ப விசிட் விசா மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யும் முழு உரிமை முன்பு இருந்தது. 2013 ஜூனில் அதைப் பறித்துவிட்டார்கள். இப்போது மறுத்தால் மறுபடி காசு கட்டி மறுபடி விண்ணப்பிக்க வேண்டியதுதான், பழைய மறுப்பு கோப்பில் உட்கார்ந்திருக்க.

விசா கிடைத்து வந்தாலும் என்ன? விசிட்டர் வேலை செய்யக் கூடாது. இங்கிருந்தபடியே கணவன் விசாவுக்கு மாற முடியாது. பிள்ளை பிறக்கப் போகிறது என்று வந்தவர், பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனதும் நாட்டைவிட்டு வெளியே போய் அங்கிருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். ஓர் அமெரிக்கருக்கோ ஜப்பானியருக்கோ விசிட் விசாவே தேவையில்லை, இணையத்தில் முன்னனுமதி எடுத்தால் போதும். இலங்கையருக்கும் இந்தியருக்கும்தான் இந்தச் சோதனை முழுசாக. கட்டுரையாளர் ஆறுதலாகக் காட்டுகிற கதவு நம்மவருக்குத்தான் மிக இறுக்கமாகச் சாத்தப்பட்டிருக்கிறது.

சரி, இங்கிருப்பவர் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று கேட்கலாம். இந்த நாட்டில் சட்டப்படி சம்பளத்தோடு கூடிய விடுமுறை வருடத்துக்கு 5.6 வாரம், வங்கி விடுமுறைகளையும் அதற்குள் சேர்க்கலாம். அதற்கு மேல் சம்பளமில்லாத லீவு எடுத்தால் சராசரி குறைந்து வரம்பு தவறும். கணவனோடு அதிக நாள் நின்றால் கணவனைக் கூப்பிடும் தகுதி போய்விடுகிறது.

ஊருக்குப் போய் வாழலாமே என்ற யோசனையை ஒரு தமிழர் எழுதியதை என்னால் சகிக்க முடியவில்லை. இங்கே அகதி அந்தஸ்தோடு வாழும் நம்மவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்குக் கொடுத்திருக்கும் பயண ஆவணம் இலங்கைக்குச் செல்லாது. எந்த அரசிடமிருந்து தப்பி வந்தார்கள் என்று இந்த நாடே ஏற்றுக்கொண்டதோ, அந்த இடத்துக்குப் போகச் சொல்கிறார். பெண் யாழ்ப்பாணத்தில், மாப்பிள்ளை லண்டனில் என்றால் கலியாணத்தைத் திருச்சியிலோ சென்னையிலோ வைப்பது ஏன் என்று அவருக்குத் தெரியாதா? அப்படிப்பட்ட கலியாணத்தில் பந்தியில் உட்காராத லண்டன் தமிழர் யார்? நாட்டைவிட்டு ஓடி வருவதற்கு முன்பே கட்டிய மனைவியைக் கூப்பிடுவதற்கு அகதிகளுக்கு இந்த வருமான வரம்பு இருக்கவில்லை, அந்த வழியையும் 2025 செப்டம்பரில் நிறுத்தி வைத்தார்கள். வந்த பிறகு கட்டியவர்களுக்கு இந்த வரம்புதான்.

போலித் திருமணங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவற்றைப் பிடிக்கத் தனி விதிகள் இருக்கின்றன. உறவு உண்மையானதா என்று ஒவ்வொரு விண்ணப்பத்திலும் பார்க்கிறார்கள், சந்தேகமான திருமணங்களைப் பதிவாளர்கள் அறிவிக்க வேண்டும் என்பது 1999ஆம் ஆண்டுச் சட்டம், திருமண அறிவித்தலின் 28 நாளை 70 நாளாக நீட்டும் அதிகாரமும் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. 29,000 பவுண்ட் இருப்பது அன்பு உண்மையென்பதற்குச் சாட்சி ஆகாது. காசுள்ளவரின் போலித் திருமணம் இந்த வரம்பைத் தாண்டிப் போகும், காசில்லாதவரின் உண்மைத் திருமணம் அங்கேயே நிற்கும்.

உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது என்று ஒரு வாக்கியத்தில் முடிக்கிறார். 2017 பெப்ரவரி 22ஆம் தேதித் தீர்ப்பை அவர் முழுதாகப் படித்திருக்க மாட்டார். வருமான வரம்பு வைப்பது சட்டத்துக்கு முரணல்ல என்று நீதிமன்றம் சொன்னது சரி. எந்தத் தவறும் செய்யாத பலருக்கு இது துன்பம் தருகிறது என்பதையும் அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. பிள்ளைகளின் நலனைச் சரியாகக் கருதாத விதிகளும் அறிவுறுத்தல்களும் சட்டவிரோதம் என்றும் சொன்னது, வேறு வழியில் வரும் பணத்தைப் பார்க்கவே மறுப்பதையும் கண்டித்தது. அதனால் அரசு விதியைத் திருத்த வேண்டி வந்தது. திருத்தத்துக்குப் பிறகும் வரம்பு எட்டாதவர் தன் நிலை விதிவிலக்கானது, மறுத்தால் நியாயப்படுத்த முடியாத கொடுமை விளையும் என்று நிறுவ வேண்டும். நிறுவினால் கிடைப்பது ஐந்து வருடப் பாதை அல்ல, பத்து வருடப் பாதை. ஒவ்வொரு நீட்டிப்புக்கும் கட்டணம், ஒவ்வொரு தடவையும் என்.எச்.எஸ். கட்டணம். குறைவாகச் சம்பாதிப்பவரிடமிருந்து இரண்டு மடங்கு காலம் பணம் வாங்குகிறார்கள். இங்கிலாந்தின் பிள்ளைகள் நல ஆணையர் 2015இல் வெளியிட்ட ஆய்வு, இந்த விதியால் பெற்றோரில் ஒருவரைப் பிரிந்து வளரும் பிள்ளைகள் 15,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அப்போது வரம்பு 18,600தான். கட்டுரையாளர் கேட்பது அதைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

அறியாமையால் வந்திருக்க முடியாத தவறுக்கு இப்போது வருகிறேன். எல்லாரும் விதிப்படிதான் வந்தோம், எங்களுக்கு யாரும் சலுகை தரவில்லை என்று கட்டுரையின் நடுவில் எழுதியிருக்கிறார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெட்ரோல் ஷெட்டில் வேலை செய்துகொண்டே மனைவியைக் கூப்பிட்டதாகவும் அதே பத்தியில் பெருமையோடு சொல்கிறார். பெருமைப்பட வேண்டியதுதான். அந்த வேலையின் சம்பளத்தில் அவர் மனைவி வந்தார், ஏனென்றால் அப்போது வருமான எண் எதுவும் இல்லை. வாடகை கொடுத்துச் சாப்பிட முடியுமா என்று மட்டும் பார்த்தார்கள். இன்றைக்கு அதே பெட்ரோல் ஷெட்டில் குறைந்தபட்சக் கூலிக்கு நிற்கும் பொடியனுக்கு மனைவியைக் கூப்பிட முடியாது. அந்தப் பொடியன் சோம்பேறி என்று இவர் எழுதுகிறார். ஏறி வந்த ஏணியை எட்டி உதைப்பது என்பது இதுதான்.

அவர் காலத்தில் வேறொரு கொடுமை இருந்தது, அதையும் அவர் அறிவார். கலியாணத்தின் முதன்மை நோக்கம் பிரித்தானியாவுக்கு வருவதல்ல என்று வருகிறவர்தான் நிறுவ வேண்டும் என்ற விதி. ஒரு நோக்கம் இல்லையென்று எப்படி நிறுவுவது? பேசிச் செய்த கலியாணம் என்பதே சந்தேகத்துக்குக் காரணமாக இருந்தது. அதில் அடிபட்டவர்கள் பெரும்பாலும் இந்தியத் துணைக்கண்டத்து மாப்பிள்ளைகள். 1997இல் அது ஒழிந்தது. அதற்கு முன்னால் 1979இல் ஹீத்ரோவில், கலியாணம் செய்ய வந்த இந்தியப் பெண் ஒருவரின் கன்னித்தன்மையைப் பரிசோதித்தது வெளியே வந்து நாடே வெட்கப்பட்டது. 1985இல் ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றம், ஆண்கள் மனைவியைக் கூப்பிடலாம், பெண்கள் கணவனைக் கூப்பிடுவது கடினம் என்ற பாகுபாடு தவறென்று தீர்ப்பளித்தது. பெண்களுக்கும் வழி திறப்பதற்குப் பதிலாக அரசு ஆண்களுக்கும் அதே கடுமையான சோதனைகளை வைத்துச் சமப்படுத்தியது. ஒவ்வொரு தலைமுறையிலும் இந்த நாட்டின் குடிவரவுச் சட்டம் நம் போன்றவர்களின் கலியாணத்தைச் சந்தேகிக்க ஒரு புதுக் காரணத்தைக் கண்டுபிடித்திருக்கிறது. ஒரு காலத்தில் உடம்பு, ஒரு காலத்தில் நோக்கம், இப்போது சம்பளச் சீட்டு. இதற்குள் வாழ்ந்து வந்த ஒருவர், தனக்கு எந்தச் சோதனை இருந்தது, எது இருக்கவில்லை என்பது நன்றாகத் தெரிந்திருந்தும், வாசகர்களிடம் அதை மறைத்து எழுதியிருக்கிறார். இதை மன்னிக்க எனக்கு மனமில்லை.

வரம்பை எடுத்துவிட்டால் பதிலுக்கு என்ன வைப்பது என்று கடைசியில் சவால் விட்டிருக்கிறார். பதில் அவருடைய மனைவியின் பழைய கோப்பிலேயே இருக்கிறது. 2012க்கு முன்பிருந்த அளவுகோலைத் திரும்பக் கொண்டு வரலாம். வாடகையும் வரியும் போக அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு மிஞ்சும் என்று அந்தந்தக் குடும்பத்தைப் பார்த்து முடிவு செய்வது அது. வருகிறவரின் வேலைக் கடிதத்தை எண்ணலாம். அப்பா அம்மாவோ அண்ணனோ தரும் உதவியையும் எண்ணலாம். அது செல்லும் என்று 2009இல் உச்ச நீதிமன்றமே உறுதிப்படுத்தியது. இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொல்ல அவருக்கு வழியில்லை. உடல் ஊனத்துக்கான உதவித்தொகையோ நோயாளியைப் பராமரிப்பதற்கான உதவித்தொகையோ பெறுகிறவர் கணவனையோ மனைவியையோ கூப்பிடும்போது 29,000 கேட்பதில்லை. அவர்களுடைய விண்ணப்பங்களை உள்துறை அமைச்சின் அதிகாரிகள் அந்தப் பழைய அளவுகோலை வைத்துத்தான் இன்றும் தீர்மானிக்கிறார்கள்.